இல்லாத எண்ணெய்க்கு இடம்

அலுவலகத்தில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். நான்கே கிணறுகள் வைத்திருக்கும் சின்ன எண்ணெய்க் கம்பெனியில் பதினோரு வருடமாக ஒரே வேலை. அடுத்த மாதம் எத்தனை பீப்பாய் கச்சா எண்ணெயைத் துறைமுகத்துக்கு அனுப்பப் போகிறோம் என்று மாதாமாதம் இருபதாம் தேதி, எல்லாக் கம்பெனி எண்ணெயையும் கொண்டுபோகும் குழாயின் ஆபீசுக்கு எழுதி, அந்த அளவுக்கு இடம் கேட்பாள். ஐயாயிரம் இருந்தால் ஐயாயிரம்தான். கூட ஒன்று போடச் சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவாள்.

வட்டாரத்தில் மற்ற கம்பெனிகளின் புதுக் கிணறுகள் பெருகின. குழாய் மட்டும் அதே பழைய குழாய். கேட்டதில் பாதிதான் எல்லோருக்கும் என்று ஆபீஸ் வெட்டியது. அதற்கு விகிதாசாரம் என்று மரியாதையான பெயர் வேறு. மற்றவர்கள் உடனே சுதாரித்துக்கொண்டார்கள். பத்து வைத்திருந்தவன் இருபது கேட்டு, வெட்டுப் போகப் பத்தை வாங்கினான். உள்ளதைச் சொன்ன இவளுக்கு உள்ளதிலும் பாதி.

"ஊரோட ஒத்துப் போங்கக்கா. எல்லாரும் ரெண்டு மடங்குதான் போடறாங்க" என்று குழாய் ஆபீஸ் குமாஸ்தாவே புத்தி சொன்னான்.

"பொய் எழுத நான் ஆளில்ல" என்று போனை வைத்தாள்.

மிஞ்சிய எண்ணெய்க்கு ஒரு தரகர் வந்தார். துறைமுகத்தில் கப்பல்காரன் பீப்பாய்க்கு நூறு கொடுக்கிற எண்ணெய்க்கு இவர் வைத்த விலை எழுபது. குழாய்க் கூலி ஐந்து போனாலும் மீதி இருபத்தைந்து யார் வாயில் போகிறது? அவள் தரகரையே கேட்டாள்.

"உங்களுக்கு ஒரு கிணறுகூடக் கிடையாதே. குழாய்ல இடம் மட்டும் எப்படிக் கிடைச்சுது?"

"கேட்டேன், குடுத்தாங்க. எண்ணெய் தானா வரும்னு தெரியும்மா. இதோ, நீங்க வெச்சிருக்கீங்களே!"

சிரித்துக்கொண்டே சொன்னார், பாவி. அவருடைய பொய்தான் அவளுடைய இடத்தைத் தின்றது. இப்போது அந்த இடத்தையே அவளுக்கு விற்கிறார். ஆனால் டேங்க் கழுத்துவரை நிரம்பிக் கிடந்தது. முதலாளி எழுபதுக்கே தள்ளிவிட்டார்.

மூன்று மாதம் இப்படியே போனது. எழுபதுக்கு விற்றால் மூன்றாம் நம்பர் கிணறு கட்டுப்படியாகாது என்றார் முதலாளி. அது எண்ணெயைவிடத் தண்ணீரை அதிகம் கக்கும் பழைய கிணறு. அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவளுடைய அண்ணன்.

"மூடச் சொல்லிட்டாரும்மா" என்று போனில் சொன்னான். "ஒருதடவை மூடினா அப்புறம் வெறும் தண்ணிதான். எனக்கும் இங்க வேலை இல்ல. நீ மட்டும் அந்தத் தாள்ல கொஞ்சம் கூட்டிப் போட்டிருந்தா..."

"ஏண்ணே நிறுத்திட்டே? என்னாலதான்னு சொல்லு!"

"சொல்லல. வால்வை மூடணும், வை."

அந்த இருபதாம் தேதி அவள் இருபதாயிரம் என்று எழுதினாள். எழுதிய வேகத்தில் தாள் கிழிந்தது. ஐயாயிரம் கேட்டுக்கொண்டிருந்தவள் இருபதாயிரத்துக்கு எங்கே போவாள் என்று ஒருவனும் கேட்கவில்லை. எட்டாயிரத்துக்கு இடம் வந்தது. மூடிய கிணறு போக அவர்களிடம் இருந்ததோ நாலாயிரம். இவ்வளவு சுலபமா என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுவாரம் இன்னொரு சின்னக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்ககிட்ட இடம் மிச்சம் இருக்காமே? நாங்க உள்ளதைத்தான் எழுதினோம், பாதிக்குமேல வெட்டிட்டாங்க. டேங்க் நிரம்பிடுச்சு. என்ன விலைக்கு எடுத்துக்குவீங்க?"

எதிரே உட்கார்ந்திருந்த முதலாளி வாயசைத்தார். எழுபது.

"தொண்ணூத்தஞ்சு" என்றாள் அவள். "குழாய்க் கூலி போக அவ்வளவு வரும்."

முதலாளி எழுந்தேவிட்டார். "உனக்கென்ன பைத்தியமா? லாபமில்லாம எதுக்கு இடம்?"

"எழுபது எங்கண்ணன் கிணத்தை மூடின விலை சார். என் வாயால வராது. உங்க வாயால வந்தா நீங்களே சொல்லுங்க" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

முதலாளி கூசாமல் வாங்கினார்.

"அவங்க தப்பாச் சொல்லிட்டாங்கம்மா. எழுபது."

மறுமுனையில் அந்தப் பெண், "சரி சார்" என்றாள்.