நானே கேட்டு வாங்கிய பத்திரம்

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா மாத்தளைக் கடைத்தெருவில் மிளகு மூட்டை சுமந்தவர். தொழிற்சங்க ஆபீசில் எழுத்தர் வேலை கிடைத்தபோது, ஒழுங்காக ஒரு மனு எழுதினால் எந்த அநியாயத்தையும் நிறுத்திவிடலாம் என்று நம்பினேன். தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு நாள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், குடியிருந்த அம்மா ஒருவர் வந்தார். தம்புள்ளைப் பக்கம் வெங்காயம் பிடுங்கப் போன அவர் மகன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தான். பலாபத்வலையில் பொலிசார் பஸ்ஸை நிறுத்தினார்கள். கையில் ஒரு காகிதமும் இல்லாததால் அவனைக் கள்ளத்தோணி, இந்தியாவிலிருந்து திருட்டுத்தனமாக வந்தவன், என்று இறக்கி ஸ்டேசனில் அடைத்தார்கள். இங்கே பிறந்தவன் என்று காட்டாவிட்டால் கொழும்பு முகாம், அதன்பிறகு தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல்.

"இந்தியாவ அவன் படத்துலகூடப் பாத்ததில்லைங்க. இந்தாங்க, அவன் பொறப்புத் துண்டு," என்று மடியிலிருந்து எடுத்தார். நாலாக மடித்த பத்திரம், மடிப்புகளில் கிழிந்திருந்தது.

கிழிசலைப் பொலிஸ் ஏற்காது. அத்தாட்சிப் பிரதி கேட்டுக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், இருந்த பதிவகத்துக்கு எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். குடும்பமே இங்கு வாழ்ந்தது என்று காட்டும் ஆர்வத்தில், 'இக்குடும்பம் பற்றிய சகல பதிவுகளையும்' தேடும்படியும், ஒரு பிரதியை நேராக விசாரணை அதிகாரிக்கே அனுப்பும்படியும் சேர்த்தேன். அந்த வாக்கியத்தை இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டது நினைவிருக்கிறது.

ஐந்தாம் நாள் பதிவகத்து லிகிதர், ஊர் முஸ்லிம் ஒருவர், இரண்டு தாள்களை நீட்டினார்.

"ஒண்ணு பொறப்பு. மத்தது மவுத்து, தம்பி. இந்தப் புள்ள பதினொரு மாசத்துல வயித்தோட்டத்துல போயிருச்சு."

"அவன் ஸ்டேசன்ல இருக்கானுங்களே!"

"அப்ப அங்க இருக்கிறது யாரு?"

மரணப் பத்திரத்தைத் தொட்டுக் கேட்டேன்: "இந்த ரெண்டாவது தாள அனுப்பாம விட முடியுங்களா?"

"நீங்கதானே சகலமும்னு எழுதியிருந்தீங்க? காலைத் தபால்ல போயிருச்சே, தம்பி."

அம்மாவிடம் கேட்டேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை.

"அது மூத்தவனுங்க. அவன் போனப்பெறகு பொறந்தவனுக்கும் அதே பேர வச்சோம். துண்டுதான் வீட்டுல இருந்திச்சே, பெறகு எதுக்குங்க இன்னொண்ணு?"

தோட்டத்தில் அவன் பேரைப் பதிந்ததும் அந்தத் துண்டைப் பார்த்துத்தான். அத்தனை வருஷமும் யாரும் தோண்டவில்லை. தோண்டியவன் நான்.

ஸ்டேசனில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் குந்தியிருந்தான். என் வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டான்.

"செத்தவன எப்படிங்க கப்பல்ல ஏத்துவாங்க?"

நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான். "அப்ப எனக்கு என்ன வயசுங்க?" என்றான். தெரியாது என்றேன். கம்பியைப் பிடித்து எழுந்து, "அம்மாவ ஏசிராதீங்க," என்றான்.

அடுத்த கிழமை அவனைக் காலை ரயிலில் கொழும்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து சேர்வதற்குள் ரயில் போயிருந்தது. நேராகச் சங்கத்துக்கு வந்து பொட்டலத்தை என் மேசையில் வைத்தார்.

"நான் பெத்தேன்னு எழுதுங்க. லயத்துக் காம்பராவுல, நல்ல மழ. அதுக்கு மேல என்னங்க வேணும்?"

விசாரணை அதிகாரிக்கு அப்படியே எழுதி, அவருடைய பெருவிரல் அடையாளத்தை வைத்தேன். 'இணைப்பு' என்று வழக்கமாக எழுதும் இடத்தில் எழுத ஒன்றுமில்லை.

"இன்னைக்கே போயிருமாங்க?"

போகும் என்றேன்.

பதில் வந்தபோது அவன் கடல் தாண்டியிருந்தான். குறித்த பெயருடையவர் குழந்தையிலேயே இறந்துவிட்டார் என்று அதில் இருந்தது. ஆதாரமாக, என் விண்ணப்பத்தின்பேரில் பதிவகம் அனுப்பிய மரணப் பத்திரத்தைக் காட்டியிருந்தார்கள். அம்மா வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.