முந்தி வரும் வாசனை

என் தம்பி வேலை முடிந்து தெருமுனையில் திரும்பினால் போதும், புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது அலறியடித்துக்கொண்டு அடுப்பை அணைக்க ஓடுவார்கள். பழையவர்கள் அசையமாட்டார்கள். "ஒண்ணுமில்லைங்க, லீக்கு வர்றாரு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். லீக்கு என்பது அவனுக்குத் தெரு வைத்த பெயர். பெற்றவர்களும் நல்லதாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள், அதை யார் கூப்பிட்டார்கள்?

அவன் சமையல் கேஸ் நிரப்பும் தொழிற்சாலையில் இருந்தான். சிலிண்டர் நிரப்புகிற வேலை இல்லை, தூக்கிப் போடுகிற வேலையும் இல்லை. கேஸுக்கு நாற்றம் கலக்கிற வேலை. இப்படியும் ஒரு பிழைப்பாடா என்று நான் கேட்டுவிட்டேன், அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, கேஸுக்குன்னு சொந்தமா வாசனையே கிடையாது, தெரியுமா உனக்கு? நிறமும் கிடையாது. சிலிண்டருக்குள்ள அழுத்தி அடைச்சு வச்சிருக்கிற வரைக்கும் தண்ணியா கிடக்கும். வெளிய விட்டா பொங்கிப் பொங்கி எந்த ரூமோ அந்த ரூம் பூரா பரவிடும். பக்கத்துலயே நிக்கிற உனக்குத் தெரியாது. நாங்க நாத்தத்தைக் கலந்து விடறதாலதான் நீ உயிரோட உட்கார்ந்து என்னைக் கிண்டல் பண்ணிட்டு இருக்கே."

"சரிடா அப்பா, நீ போட்ட பிச்சை" என்றேன். அவன் சிரிக்கவில்லை. வேலை விஷயத்தில் மட்டும் அவனிடம் விளையாட முடியாது.

அந்த நாற்ற மருந்துக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. அழுகின முட்டைக்கோஸையும் பூண்டையும் சேர்த்து அரைத்தால் எப்படி இருக்கும், அது. ஒரு லாரி கேஸுக்கு ஒரு சொம்பு மருந்து போதுமாம். அப்படியென்றால் தினமும் அதன் பக்கத்திலேயே நிற்கிறவன் கதி என்ன ஆகும்? தொழிற்சாலையிலேயே தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வருவான். முடியில் நிற்கும், நகக்கண்ணில் நிற்கும், தோய்த்த சட்டையிலும் நிற்கும். சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் அவன் பந்தியில் உட்கார்ந்ததும் சமையல்காரர் எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு குழாயாக மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்கு அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனது. பேருந்தில் வழக்கமான கண்டக்டர் இருந்தால் பிழைத்தான், பின்பக்க ஜன்னலோரம் நிற்கவைத்துக் கூட்டிவந்துவிடுவார். புதியவர் யாராவது வந்தால் பாதி வழியில் இறக்கிவிடுவார். நடந்து வருவான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் மூக்குக்கு மட்டும் அந்த நாற்றம் தெரியாது. அதிலேயே கிடந்து மூக்கு மரத்துவிட்டது. "இன்னைக்கு அவ்வளவா இல்லையே" என்பான் என்னிடம். நான் எதிர்வீடு. என் வீட்டு ஜன்னல் திரைக்குக்கூடத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

இவனோடு எவள் குடித்தனம் நடத்துவாள் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவள் வந்தாள், என் தம்பி பெண்டாட்டி. வாயாடி. எனக்குச் சரியான ஜோடி. வந்த புதிதில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவனுக்குச் சோறு போட்டாள். பிறகு முந்தானையை விட்டுவிட்டாள். பிறகு ஒரு நாள், என் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், சம்பந்தமில்லாமல் சொன்னாள்:

"அண்ணி, அவரு ராத்திரி ஷிஃப்ட் போனா அவரு தலையணையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்குவேன். அந்த வாசனை இல்லேன்னா தூக்கம் வர மாட்டேங்குது."

"உனக்கும் மூக்கு போச்சா? நல்லா சேர்ந்தீங்க ரெண்டு பேரும்" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதை வாசனை என்று சொன்ன ஒரே மனுஷி இந்த உலகத்தில் அவள்தான். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக் கீரைக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள்.

அவர்களுக்கு ஒரு பெண். சரியான வாலு, அதனால் வாலு என்றே கூப்பிட்டோம். பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு அப்பன் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதே. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, சுவிட்சுக்குள் தெறிக்கிற ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். கதவு ஜன்னலைத் திற. நம் கேஸ் காற்றைவிடக் கனம், தண்ணீர் மாதிரி தரையில்தான் கிடக்கும், கதவு வழியாக வெளியே போக விடு. குழந்தை இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும். அவள் அம்மாவும் கூடவே சேர்ந்து ஒப்பித்து அவனைக் கேலி செய்வாள்.

அவர்கள் வீட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. அவன் வேலையிலிருந்து பின்கட்டு வழியாகத்தான் வருவான், உடுப்பைப் பின்னாலேயே வாளியில் போடுவதற்காக. அம்மாவும் பெண்ணும் கடைக்குப் போயிருந்தால் விளக்குப் போடாமல் உள்ளே எங்காவது ஒளிந்துகொள்வான். இவர்கள் முன்கதவைத் திறந்து வருவார்கள். இவன் பயமுறுத்துவதற்குள் யார் விளக்கைப் போட்டு அவனைப் பிடிக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். அவன் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. எப்படி ஜெயிப்பான்? ஒளிந்திருக்கிறான் என்று வாசனை முதலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். தனக்குத் தெரியாத வாசனை அடுத்தவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அவனுக்குப் புரிந்ததே இல்லை. "எப்படி கண்டுபிடிச்சே, எப்படி கண்டுபிடிச்சே" என்று குழந்தையைத் தூக்கிச் சுற்றுவான். நான் என் வாசலில் நின்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பேன். அதே வாசனை வந்ததும் சுவிட்சைப் போடுகிற விளையாட்டு இது என்று எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீடு பூட்டிக் கிடந்தபோது எலி ரப்பர் குழாயைக் கடித்திருக்கிறது. வாலுவுக்கு ரிப்பன் வாங்க இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள். அவன் வந்திருக்க வேண்டிய நேரம்தான். பேருந்தில் அன்றைக்குப் புதுக் கண்டக்டர்.

நான் அடுப்படியில் இருந்தேன். எதிர்வீடு வெடித்த சத்தத்தில் என் அலமாரிப் பாத்திரமெல்லாம் கீழே வந்தது. ஓடினேன். வாலு வாசற்படிக்குக் கீழே கிடந்தாள், ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. நெற்றியில் ரத்தம், வேறொன்றும் இல்லை. உள்ளே இருந்தவளைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. மறுநாள் காலை வரை மூச்சு இருந்தது. பேச்சு வரவே இல்லை.

தம்பி நடந்து வந்து சேர்ந்தபோது தெரு முழுக்கக் கூட்டம். தண்ணீர் ஊற்றி முடித்திருந்தார்கள். அவன் முண்டியடித்து உள்ளே வரும்போது யாரோ, "இன்னும் கேஸ் இருக்கு, விலகுங்க, விலகுங்க" என்று கத்தினார்கள். ஜனங்கள் விழுந்தடித்து ஓடினார்கள். அது அவன்மேல் வந்த வாசனை. பாவி, அவன் மட்டும் அந்த இடத்தில் தனியாக நின்றான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் வாலு என் மடியில் படுத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். "தங்கம், இதை உங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே, அப்பா தாங்க மாட்டாரு" என்றேன். அவள் சரியென்று தலையாட்டினாள். வாலு என்று பெயர் வைத்த குழந்தை, அதற்கப்புறம் ஒரு சேட்டை செய்ததில்லை.

இரண்டு பேரையும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஊர் வாய் சும்மா இருக்குமா? கேஸ் கசிந்த வீட்டில் சுவிட்சைப் போட்டிருக்கிறாள், கேஸ்காரன் பெண்டாட்டிக்கு இதுகூடவா தெரியாது என்றார்கள். நாக்கில் நரம்பில்லாத ஒருத்தி, "தெரிஞ்சே போட்டாளோ என்னவோ" என்றாள். அவளை நான் கேட்ட கேள்வியில் இன்றைக்கும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். ஆனால் தம்பியின் வாயை நான் எப்படி அடைப்பது? அவனும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் ஏன் சுவிட்சைப் போட்டாள்?

யோசித்து யோசித்து அவனாகவே ஒரு பதிலைக் கண்டுபிடித்தான். அந்தச் சிலிண்டரில் நாற்றமே இருந்திருக்காது. அந்தக் கேஸ் வந்த லாரிக்கு மருந்து கலக்க அவன் மறந்திருக்கிறான். நாற்றம் இல்லாததால்தான் அவளுக்குத் தெரியவில்லை. அவன்தான் அவளைக் கொன்றான். தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னார்கள். அவன் நம்பவில்லை. தெருவில் வீடு வீடாகப் போய், "உங்க சிலிண்டரைக் கொஞ்சம் திறந்து மோந்து பாருங்க, நாத்தம் வருதா?" என்று கெஞ்சினான். வருகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். தன் மூக்குக்குத் தெரியாததை அடுத்தவர்கள் சொன்னால் எப்படி நம்புவது என்று திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வான். "வருதுடா, குடலைப் புரட்டுது" என்று நானும் சொன்னேன். "நீ எனக்காகச் சொல்றே" என்றான்.

எனக்கு உண்மை தெரியும். அதைச் சொன்னால் இந்தப் பழி அவனை விட்டுப் போகும். ஆனால் அதைவிடப் பெரிய நெருப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தது போல ஆகும். எதைத் தாங்குவான் இவன்? பார்த்துக்கொண்டே இருந்தேன். சோறு இறங்காமல் துரும்பாகிக்கொண்டிருந்தான்.

ஒரு காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். நான் வாலுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"எங்கடா?"

"மேனேஜரைப் பார்த்துச் சொல்லப் போறேன். அந்த லாரிக்கு நான் கலக்கலைன்னு. போலீஸ்ல சொல்லச் சொன்னாலும் சொல்லிடுவேன்."

"பைத்தியமா உனக்கு? செய்யாத தப்பைச் செஞ்சேன்னு சொல்லிட்டு உள்ள போய் உட்கார்ந்துக்கோ. பிள்ளை நடுத்தெருவுல நிக்கட்டும்."

"நாத்தம் இருந்திருந்தா அவ சுவிட்சைத் தொட்டிருப்பாளா? நீயே சொல்லு. நான் சொல்லிக்கொடுத்தவ அக்கா அவ. நாத்தம் இருந்திருந்தா அவ தொட்டிருக்கவே மாட்டா."

கதவுப் பக்கம் திரும்பிவிட்டான். வாலு என் கையிலிருந்து பாதிப் பின்னலை இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பா, வாசனை இருந்துச்சு."

அவன் நின்றான்.

"நிறைய இருந்துச்சுப்பா. கதவைத் திறந்ததுமே வந்துச்சு. அம்மா சிரிச்சாங்க. 'உங்க அப்பா வந்துட்டாரு, உள்ள ஒளிஞ்சிட்டு இருக்காரு, சத்தம் போடாதே'ன்னு சொன்னாங்க. எனக்குச் செருப்பு வாரு கழல மாட்டேன்னுச்சு. 'நீ மெதுவா வா, இன்னைக்கு நான்தான் பிடிக்கப் போறேன்'னு சொல்லிட்டு உள்ள போனாங்க."

அவன் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தான். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. குழந்தையைப் பார்த்துக் கேட்டான்.

"சிரிச்சாளா?"

"ம். வாயைப் பொத்திக்கிட்டு."

சட்டையைக் கழற்றினான். கை மடிப்பை, காலரை, கக்கத்தை ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"அக்கா, இப்பவும் அடிக்குதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் சொன்ன வாய்தான் இது. "அடிக்குதுடா" என்றேன். அப்போதுதான் அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். வாலு பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெரிய மனுஷி மாதிரி அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவன் மேனேஜரைப் பார்த்தது வேலை மாற்றம் கேட்கத்தான். காலி சிலிண்டர் எடை போடும் இடத்தில் போட்டார்கள். தலையை மொட்டையடித்தான், பழைய உடுப்பை எல்லாம் எரித்தான். வாசனை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. போனது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் வாலு பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்றிருக்கிறான், குழந்தை வீல் என்று கத்திவிட்டது. அப்பா வந்தது அதற்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து தெருமுனையிலேயே குரல் கொடுக்க ஆரம்பித்தான், "நான்தான், வந்துட்டேன்" என்று. வாழ்நாளில் தான் வந்ததைச் சொல்லிக்கொள்ள வேண்டியிராத மனுஷன்.

வாலு படித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போய்விட்டாள். தம்பி எதிர்வீட்டைச் சரிசெய்து தனியாக இருக்கிறான். இங்கேயே இருடா என்றால் கேட்க மாட்டான். சாயங்காலம் நான் ஜன்னல் பக்கம் இருப்பேன். இப்போதெல்லாம் அவன் முன்கதவு வழியாகத்தான் போகிறான். பூட்டைத் திறந்து, இருட்டுக்குள் பார்த்து, "நான்தான், வந்துட்டேன்" என்கிறான். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறான். அதற்கப்புறம்தான் உள்ளே போய் விளக்கைப் போடுகிறான்.