என்னை யாரும் மறிக்கவில்லை

நாற்பத்தொரு வயதில் நான் காற்சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கியதைப் பற்றி எங்கள் தேவாலயப் பங்கில் கதைக்காத ஆள் இல்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், பூசை நேரத்தில். சனிக்கிழமை மாலைப் பூசைக்கு நான் தவறாமல் போய்விடுகிறேன் என்பது யாருக்கும் போதவில்லை. பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் அக்கா கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையள் விளையாடுற வயசில நீர் ஏன் விளையாடுறீர்?"

"பிள்ளையளுக்கு விருப்பமில்லை அக்கா. எனக்கு விருப்பம்."

இரண்டு வாரம் கழித்துப் பாடகர் குழுவின் பெயர்ப்பட்டியலில் என் பெயர் இல்லை. ஞாயிறு வராதவருக்கு இடமில்லை என்றார்கள். சரி என்று சனிக்கிழமைப் பூசையில் முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லாப் பாட்டையும் வாய்விட்டுப் பாடினேன். அதை நிறுத்த யாருக்கும் சட்டம் இருக்கவில்லை.

நான் பிரெஞ்சும் இங்கிலீஷும் புழங்கும் புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுஸில் வேலை செய்கிறேன். அங்கே சாப்பாட்டு அறைச் சுவரில்தான் அந்தத் தாளைப் பார்த்தேன். பெண்களுக்கான ஃபிளாக் ஃபுட்போல், அனுபவம் தேவையில்லை, பக்கத்து ஊரான கர்க்லாண்டில் ஒரு பள்ளிக்கூட மைதானம். பெயர் எழுதும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. போய்த்தான் தெரிந்துகொண்டேன். இது ஆளை முட்டி விழுத்தும் ஃபுட்போல் இல்லை. எல்லோருடைய இடுப்பிலும் துணிப்பட்டிகள் தொங்கும். பந்தோடு ஓடுகிறவரின் பட்டியை எதிரணி உருவிவிட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும். பக்கத்துக்கு ஏழு பேர். பந்தை எறிகிறவர் குவாட்டர்பேக். ஓடிப்போய்ப் பிடிக்கிற நாங்கள் ரிசீவர்கள்.

எங்கள் குவாட்டர்பேக் சென்னைப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள், எஞ்சினியர். கல்லூரியில் த்ரோபால் ஆடிய கை. எறிந்தால் பந்து விசிலடித்துக்கொண்டு போகும். முதல் நாள் நான் "நீர் எவடத்தில இருக்கிறீர்?" என்று கேட்டதற்கு, "நீர்னா தண்ணிதானேக்கா?" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவள் தமிழ் எனக்கும் என் தமிழ் அவளுக்கும் வேடிக்கை. அணியில் மற்ற எல்லோரும் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் கத்த, நாங்கள் இரண்டு பேரும் இரண்டு விதத் தமிழில் கத்தினோம்.

பயிற்சியாளர் இளமையில் அந்த முட்டி விழுத்தும் பெரிய ஃபுட்போல் ஆடியவர். நல்ல மனிதர்தான். ஆனால் வேகம் ஒன்றைத்தான் மதிப்பார். என்னை வலது ஓரத்தில் நிறுத்தி, நேராக ஓடு என்று சொல்லிவிடுவார். ஐந்து ஆட்டங்கள் நேராக ஓடினேன். ஒரு பந்துகூட என் பக்கம் வரவில்லை. அதைவிடக் கேவலம், எதிரணி என்னை மறிக்க ஆளே அனுப்பவில்லை. என் முன்னால் நிற்க வேண்டியவள் நடுவுக்குப் போய், எங்கள் அணியின் வேகக்காரி ஒருத்தியை மறிக்க உதவி செய்துகொண்டிருந்தாள். நான் வெறும் புல்லில் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரிந்த வேர்ஹவுஸ் பிரெஞ்சில் அவரிடம் கேட்டேன், ஏன் எனக்குப் பந்து வருவதில்லை என்று.

"நீ மெதுவாக ஓடுகிறாய். பந்து காற்றில் வரும் நேரத்துக்குள் எங்கேயோ நிற்கிறவள் ஓடி வந்து தட்டிவிடுவாள். உன்னால் தப்பி ஓட முடியாது. கோபிக்காதே, எல்லோருக்கும் வேகம் வாய்ப்பதில்லை" என்றார்.

கோபித்தேன். வீடு வரும்வரை காரில் கோபித்தேன், அடுத்த நாள் பெட்டி அடுக்கும்போதும் கோபித்தேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை மண்டையில் நின்றுவிட்டது. எங்கேயோ நிற்கிறவள் ஓடி வந்து தட்டிவிடுவாள். அப்படியென்றால் பிரச்சினை என் கால் இல்லை, அவள் நிற்கும் இடம். அவளை வேறொரு வேலையில் மாட்டிவிட்டால்?

அதன் பிறகு வெங்காயம் உரிக்கும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் ஃபுட்போல் வீடியோக்கள்தான். எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நான் பந்து போகாத பக்கத்தைப் பார்த்தேன். பெரிய ஆட்டங்களில்கூட ரிசீவர் தன் கால் பலத்தால் மட்டும் வெறுமையான இடத்துக்குப் போவதில்லை. இன்னொருத்தர் வேறு பக்கம் ஓடி அந்த இடத்தைக் காலி செய்து கொடுக்கிறார். யாரும் அதைச் சும்மா செய்வதில்லை. ஒருவர் உட்கார்ந்து யோசித்து வரைந்திருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை என் கணவரையும் மகள்மார் இரண்டு பேரையும் வீட்டுக்குப் பின்னால் புல்லில் இறக்கினேன். கணவர் மறிப்பவர். மூத்தவளை அவருக்குப் பின்னால் போகச் சொன்னேன், இளையவளை அவருக்கு முன்னால் குறுக்கே ஓடச் சொன்னேன். பந்து என் கையில். அவர் பின்னால் போனால் நான் இளையவளிடம் எறிந்தேன். முன்னால் வந்தால் அவர் தலைக்கு மேலால் மூத்தவளிடம் எறிந்தேன். ஐந்தாம் தரம் அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ச பாரும், ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில அனுப்பினா நான் ஆரைப் பிடிக்கிறது?"

"ஆரைப் பிடிச்சாலும் பிழைதான்."

"அப்ப என்னை ஏன் நிக்க வச்சனீர்?"

"நீங்கள் பிழை விடுறதைப் பாக்கத்தான்."

மகள்மார் சிரித்துப் புல்லில் விழுந்தார்கள். அவர் முகத்தைச் சுருக்கினாலும், இரவுச் சாப்பாட்டுக்கு நடுவில் தானாகவே கேட்டார், மூன்று பேரை அனுப்பினால் என்ன நடக்கும் என்று.

மூன்று பேரை அனுப்புவதைத்தான் நான் வரைந்தேன். எங்கள் வேகக்காரி ஓரத்தால் நீளமாக ஓடுவாள், பின்னால் நிற்கிறவளை இழுத்துக்கொண்டு போவாள். இரண்டாமவள் நடுத்தூரம் போய் ஓரத்துக்குத் திரும்புவாள். நான் கிட்டத்தில், ஆட்டம் தொடங்கும் இடத்திலிருந்து நாலைந்து அடி முன்னால் போய் ஓரத்துக்கு வருவேன். அந்தப் பக்கத்தில் எதிரணியில் மிஞ்சி நிற்பவள் ஒருத்திதான். அவள் என் கணவரைப் போல நடுவில் நின்று தவிக்க வேண்டியதுதான்.

பயிற்சியாளர் தாளை வாங்கிப் பார்த்தார், மடித்துத் திருப்பித் தந்தார். "பார்க்கலாம்" என்றார். அந்தப் பார்க்கலாம் எந்த மொழியிலும் ஒன்றுதான். சென்னைக்காரி என் கையிலிருந்து தாளைப் பறித்தாள்.

"அக்கா, இதை அவர் எதுக்குக் கூப்பிடணும்? மைதானத்துல பிளே கூப்பிடறது, யார் எங்க ஓடணும்னு சொல்றது நான்."

அடுத்த ஞாயிறு ஆடிய அணி எங்களை முன்பு ஒரு தடவை நன்றாகத் தோற்கடித்த அணி. பந்தைக் கையில் எடுத்து ஆடத் தொடங்கும் முன் சென்னைக்காரி ஒரு ரிசீவரை இடமிருந்து வலம் ஓடவிட்டாள். அதுவும் நான் கேட்டதுதான். எதிரணியில் ஒருத்தி அவளைத் தொடர்ந்து ஓடினால், ஆளுக்கு ஆள் மறிக்கிறார்கள். ஓடாவிட்டால், ஆளுக்கொரு இடத்தைக் காக்கிறார்கள். யாரும் அசையவில்லை. இடம்தான் காக்கிறார்கள். சென்னைக்காரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

வேகக்காரி நீளமாகப் போனாள். இரண்டாமவள் நடுவில் திரும்பினாள். அந்தப் பக்கத்தில் மிஞ்சியவள் ஒரு அடி பின்னால் வைத்தாள், பிறகு இன்னொரு அடி. நான் ஓரத்தில் தன்னந்தனியாக இருந்தேன். பந்து நேராக நெஞ்சுக்கு வந்தது.

தவறவிட்டேன். இரண்டு கையிலும் பட்டுக் கீழே விழுந்தது.

பயிற்சியாளர் ஓரத்திலிருந்து கையைக் காட்டினார், வெளியே வா என்று. மாற்று ஆள் எழுந்துவிட்டாள்.  இத்தனை வாரம் ஆளில்லாத புல்லில் ஓடினேன், அப்போது யாரும் என்னை வெளியே கூப்பிடவில்லை. ஒரு பந்து வந்து அது விழுந்ததும் வெளியே போக வேண்டுமாம். நான் அவர் பக்கம் திரும்பி, தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு, அடுத்த எறிதலுக்குத் திட்டம் பேச எங்கள் அணி கூடியிருந்த வட்டத்துக்குள் போய் நின்றேன். என் வாழ்நாளில் பெரியவர் ஒருவருக்கு அப்படித் தலை ஆட்டியது அதுதான் முதல் தடவை.

"திரும்ப அதையே எறியும்" என்றேன் சென்னைக்காரியிடம்.

"அதையேவா?"

"ஓம். அதையே."

"சரிக்கா. கையை மட்டும் மெதுவா வச்சுக்கோங்க."

இந்த முறை பிடித்தேன். பிடித்துவிட்டு ஏழெட்டு அடி நடந்ததுபோல ஓடினேன், பட்டியை உருவினார்கள். திரும்ப அதையே ஆடினோம், திரும்பப் பிடித்தேன். நான்காம் தரம், நடுவில் தவித்தவள் பொறுமையிழந்து என் மேல் பாய்ந்து வந்தாள். சென்னைக்காரி அவள் தலைக்கு மேலால் இரண்டாமவளுக்கு எறிந்தாள். அவள் ஓடிப்போய் மைதானத்தின் கடைசிக் கோட்டைத் தாண்டினாள், எங்களுக்குப் புள்ளிகள் கிடைத்தன.

இரண்டாம் பாதியில் எதிரணி மாற்றிக்கொண்டது. இப்போது ஆளுக்கு ஆள். எனக்கும் ஒருத்தி வந்தாள், மெல்லிய நெடிய பெண், என்னைவிட இரண்டு மடங்கு வேகம். அதற்கும் என் தாளில் பதில் இருந்தது. நான் வலமிருந்து இடம், வேகக்காரி இடமிருந்து வலம், தோளும் தோளும் உரசுகிற நெருக்கத்தில் ஒருவரையொருவர் கடக்க வேண்டும். பின்னால் துரத்தி வருகிறவர்கள் தங்களுக்குள் முட்டாமலிருக்கச் சுற்றித்தான் வரவேண்டும். முதல் தடவை நான் அவசரத்தில் நடுவழியில் நின்றுவிட்டேன். வழிமறித்ததாக நடுவர் தண்டம் கொடுத்தார். ஆட்டம் பார்க்க வந்திருந்த என் கணவர், ஃபுட்போலே தெரியாத மனிதர், ஓரத்திலிருந்து நடுவரைப் பார்த்துத் தமிழில் கத்திக்கொண்டிருந்தார். அடுத்த தடவை நிற்காமல் ஓடினேன். நெடியவள் சுற்றி வருவதற்குள் பந்து என் கையில் இருந்தது.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். ஒரே ஒரு கோடு தாண்டல் வித்தியாசம். முடிந்ததும் பயிற்சியாளர் என்னிடம் வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன், திருப்பிச் சொல்லவும் தயாராக நின்றேன்.

"வெளியே வரச் சொன்னால் வரவேண்டும்" என்றார்.

"அடுத்த முறையும் வரமாட்டேன்" என்றேன்.

 "அந்தக் கடக்கிற பிளே, அதை எனக்கு வரைந்து காட்டு" என்றார். காட்டினேன். புல்லில் தண்ணீர்ப் போத்தல்களை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து இரண்டு போத்தல்களை இடம் மாற்றினார். அவர் மாற்றியது சரியாகத்தான் இருந்தது. அதையும் ஒத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் அவருக்கு வேறு அணி கிடைத்தது. எங்களுக்கு யார் பயிற்சி கொடுப்பது என்று போட்டிகளை நடத்துகிறவர்கள் ஒரு சிறிய கூட்டம் வைத்தார்கள். நான் கையைத் தூக்கினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தயக்கத்தோடு கேட்டார், என் பிரெஞ்சு போதுமா, இதற்கு முன் எங்காவது பயிற்சி கொடுத்திருக்கிறேனா என்று.

"வேர்ஹவுஸில் பெரிய லொறிகளுக்கு இதே பிரெஞ்சில்தான் பின்னால் வா, நில், வலது என்று சொல்கிறேன். இதுவரை ஒன்றும் சுவரில் முட்டவில்லை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பகிடிக்குச் சொன்னது இல்லை அது.

விசிலை என்னிடம் தந்தார்கள். மே மாதக் குளிரில் முதல் பயிற்சிக்குப் பதினாறு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு, கடைசியாகத் தயங்கித் தயங்கி வந்து, தனக்கு ஓட வராது, எங்காவது ஓரத்தில் நிற்கிறேன் என்றாள்.

"ஓரத்தில் வேண்டாம். நடுவுக்கு வா" என்று சொல்லிப் பந்தை அவள் கையில் கொடுத்தேன்.