அடுப்படிக்கு வைத்த அளவு

ரிஷிவந்தியத்தில் எங்கள் வீட்டுக்கு மேற்கே அடுத்த வீடு ராணியம்மாளுடையது. இரண்டுக்கும் நடுவில் சுவர் ஒன்றுதான். அவள் கணவர் அரங்கநாதன் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரவைக் காலத்தில் மட்டும் எடை மேடையில் வேலை பார்த்தார். மற்ற மாதங்களில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சின்னக் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கப் போவார். 2018 தை மாதம், வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். வயது நாற்பத்தெட்டு. ஒரே மகளைச் செங்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

இதில் நான் நேரில் பார்த்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ராணியம்மாளும், கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சின்னதுரையும் சொன்னது. இருவர் சொன்னதும் மாறுபடும் இடங்களில் அவள் சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேமரா பழையது, இன்னொருவர் வைத்திருந்து விற்றது. அதன் தலையில் இருந்த குட்டி பிளாஷ் எப்போதோ உடைந்து, எழும்பாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அதை ராணியம்மாள் அலமாரியில் அவருடைய துண்டில் சுற்றி வைத்திருந்தாள். பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் மட்டும் போடுவாள். விற்றுவிடலாம் என்று மகள் சொன்னபோது துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றி உள்ளே தள்ளி வைத்தாள்.

மாசியில் ஒருநாள் பின்பக்கத்து முருங்கை ஒரே பூவாகப் பூத்திருந்தது. அதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியதாம். அவர் இல்லை என்பது அடுத்த கணமே நினைவுக்கு வந்தும் கை அலமாரிக்குப் போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளை. ஆட்டைப் பிடித்து நிறுத்தி எடுத்தாள், அதுவும் வெள்ளை. மறுநாள் கேமராவைத் துண்டோடு தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள்.

சின்னதுரையும் அரங்கநாதனும் தொழிலில் போட்டிக்காரர்கள், மற்றபடி சிநேகிதர்கள்.

“கேமரா கெட்டுப்போச்சு தம்பி. எதை எடுத்தாலும் சலவை வேட்டி மாதிரி வருது.”

சின்னதுரை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “கெடல அண்ணி. எம்முல கீது.”

“அது தெரியும். எம்முன்னா மாமா. அதுல நான் கை வெக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரு.”

“இன்னாது?”

“மாமா. எம் எழுத்து மாமாவோடது, பச்சைக் கட்டம் உன்னோடதுன்னு சொல்வாரு.”

சின்னதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அண்ணன் நல்லா காது குத்திக்கீறாரு உங்களுக்கு! மேனுவல் அண்ணி, மேனுவல். கேமரா தானா ஒண்ணும் பண்ணாது, வெளிச்சத்தைப் பார்த்து நாமளே வெக்கணும். அண்ணனுக்கே எம் அவ்ளோவா வராது. பச்சைக் கட்டத்துல கேமராவே எல்லாத்தையும் பார்த்துக்கும், அதுலதான் ஓட்டிக்கினு இருந்தாரு. போன வருசந்தான் கத்துக்குடுடான்னு வந்தாரு.”

“வராதுன்னு நீ கண்டியா?” என்றாள் அவள்.

“சரி, கோவிச்சிக்காதீங்க. ரீசெட் போட்டுத் தரேன், பழைய அளவெல்லாம் அழிஞ்சி புதுசு மாதிரி ஆயிடும்.” அவன் கட்டைவிரல் பொத்தான் மேல் போனது.

“கையை எடு தம்பி!”

பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேமரா அதற்குள் அவள் மடியில் இருந்தது. சின்னதுரைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கையில் இருந்தபடியே, எந்தப் பொத்தானை அமுக்கினால் கடைசிப் படம் வரும், எதை அமுக்கினால் அந்தப் படத்தின் அளவுகள் வரும் என்று சொன்னான்.

முருங்கையும் ஆடும் போக, அவர் எடுத்த கடைசிப் படம் வந்தது. ராணியம்மாள் தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். பொழுது சாயும் நேரம். முகம் தண்ணீரில் தெரிவது போலக் கலைந்திருந்தது.

“நான் அசைஞ்சிட்டேன்” என்றாள். அதைப் பற்றி அவள் முதன்முதலாக வாய் திறந்தது அன்றுதான். கடைசிப் படத்தைக் கெடுத்தது தான்தான் என்று பொங்கலிலிருந்து மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னதுரை குனிந்து படத்தின் எண்களைப் பார்த்தான். “அன்னிக்கு அண்ணன் வெச்ச அளவு அப்படியே நிக்குது, அண்ணி. இருட்டு எடத்துக்கு வெச்சது. அதோட வெயில்ல எடுத்தா வெள்ளையாத்தான் வரும்” என்றான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கேமரா கெடவில்லை. அவள் அடுப்படிக்கும் அவள் முகத்துக்கும் ஏற்றாற்போல அவர் வைத்துவிட்டுப் போன நிலையில் நிற்கிறது. வேறு எதைக் காட்டினாலும் அதற்குக் கண் கூசுகிறது.

அதன் பிறகு நாள்தோறும் பொழுது சாயும்போது சுவருக்கு அந்தப் பக்கம் கேமராவின் சத்தம் கேட்கும். மற்ற நேரத்தில், மற்ற இடத்தில் எடுக்க மாட்டாள். அந்த ஒரு வேளையில், அந்த ஓர் இடத்தில் மட்டும், கொஞ்சம் கலைந்தாவது படம் விழுந்தது. சட்டி, சொம்பு, உப்புச் சாடி, தான் உட்கார்ந்திருந்த பலகை. என் மனைவி காசியம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“இன்னாடி, சட்டிக்கும் சொம்புக்கும் கல்யாணமா? ஆல்பம் போட்டுக்கினு கீற?”

“உனக்குப் பத்திரிகை வெக்காமயா பூடுவேன் காசிக்கா” என்றாள் ராணியம்மாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

சித்திரை நடுவில் தர்மன் வந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே சாமையும் கடுக்காயுமாகப் பிழைக்கும் மனிதர். மூத்த மகள் கல்யாணத்துக்கு அரங்கநாதன்தான் மலையேறிப் போய்ப் படம் எடுத்திருந்தார். இளைய மகளுக்கும் நான்தான் வருவேன் என்று சொல்லியிருந்தார். சாவுச் செய்தி மலைக்குப் போய்ச் சேரவில்லை. வாசலில் விஷயம் தெரிந்ததும் தர்மன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். தண்ணீர் குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார்.

“வைகாசில வெச்சிருக்கோங்க. சின்னதுரை தம்பிக்கு அன்னைக்கு வேற முகூர்த்தமாம். எங்க மேட்டுக்கு வேற யாரும் வர மாட்டாங்க. எங்க சாலம்மா, அண்ணன் வருவாரு வருவாருன்னு சொல்லிட்டிருக்குதுங்க.”

ராணியம்மாள் உள்ளே அலமாரியைப் பார்த்தாள். “நான் வரேன்” என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே பிறகுதான் பயம் வந்தது. அடுப்படி அளவோடு போனால் ஒரு பெண்ணின் கல்யாணம் முழுக்க வெள்ளையாகிவிடும். அளவை மாற்றினால், அவர் விரல் கடைசியாக நிறுத்திய இடம் போய்விடும்.

சின்னதுரை ஒரு வழி சொன்னான். “நீங்க எம் பக்கமே போவாதீங்க. மேல கீற சக்கரத்தைப் பச்சைக் கட்டத்துல வெச்சி எடுங்க. எம்முல அண்ணன் வெச்சது அப்படியே உள்ள இருக்கும். திரும்பி வந்தா வந்த எடத்துல நிக்கும்.”

அப்படியும் அவன் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை தன் கேமராவில் அவளுக்கு மேனுவல் சொல்லிக்கொடுத்தான். அவளுடையதைத் தொடவில்லை. “ஒரு ரூம்புன்னு வெச்சிக்கோங்க. கதவை எவ்ளோ அகலமாத் தொறக்கறோம், அது அப்பர்ச்சர். எவ்ளோ நேரம் தொறந்து வெக்கறோம், அது ஷட்டர். உள்ள கீறவனுக்கு எவ்ளோ கண்ணு தெரியுது, அது ஐஎஸ்ஓ. நேரம் ஜாஸ்தியா வெச்சா வெளிச்சம் வரும், ஆனா நடுவுல எது ஆடினாலும் கலைஞ்சிடும். கண்ணை ஜாஸ்தி பண்ணா பொறி பொறியா வரும்.”

“மூணுல ஒண்ணு கொறைச்சா இன்னொண்ணு ஏத்தணும்.”

“அவ்ளோதான். அண்ணனுக்கு இது புடிபட ரெண்டு மாசம் ஆச்சு.”

“அவருக்கு ஆலையில வேலை இருந்தது” என்று உடனே சொன்னாள்.

வைகாசி முகூர்த்தத்துக்கு முதல் நாளே மலையேறினாள். காலையில் தர்மன் வீட்டு முன்னால், சரிவின் விளிம்பில், தழைப் பந்தல். மாப்பிள்ளையையும் பெண்ணையும் வீட்டைப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பந்தல் முழுக்கத் திறப்பு. அதற்கப்பால் பள்ளத்திலிருந்து எழுந்த பனி வெயில் பட்டு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. நகர்ந்து நிற்க வழியில்லை. இரண்டு பக்கமும் சனம்.

பச்சைக் கட்டத்தில் வைத்து எடுத்தாள். பனி அழகாக விழுந்தது. மலை ஒவ்வொரு மடிப்பாகத் தெரிந்தது. நடுவில் இரண்டு கறுப்பு உருவங்கள். மறுபடி எடுத்தாள், மறுபடியும் அப்படியே. கேமரா பின்னால் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிக்கொண்டிருந்தது. பிளாஷும் இல்லை.

மணப்பெண் சாலம்மாள் தலை நிமிராமலே கையை நீட்டினாள். “அக்கா, காட்டுங்க.”

மறைக்க முடியவில்லை. பெண் கேமராவின் திரையைப் பார்த்தாள், கொஞ்சம் கிட்ட இழுத்தும் பார்த்தாள்.

“நான் எங்கக்கா?” என்றாள்.

அவள் குற்றமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தேடினாள். மாப்பிள்ளை குனிந்து, “அந்தக் கறுப்பு நீ, இந்தக் கறுப்பு நானு” என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தாள், ஆனால் அவள் கண்கள் திரையை விட்டு வரவில்லை. உள்ளே தாலியைத் தட்டில் வைத்து எல்லோரும் தொட்டு வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

ராணியம்மாள் சக்கரத்தை எம்முக்குத் திருப்பினாள். அவருடைய எண்கள் வந்தன: கண்ணுக்கு நானூறு, கதவுக்கு ஐந்து புள்ளி ஆறு, நேரத்துக்கு எட்டு, அதாவது வினாடியில் எட்டில் ஒரு பங்கு. அவற்றை மாற்ற விரல் வரவில்லை என்றாள் என்னிடம். அவர் அங்கே உட்கார்ந்திருப்பது போலவும், எழுந்திரு என்று தான் சொல்வது போலவும் இருந்ததாம். தாலித் தட்டு வெளியே வந்துவிட்டது. கட்டைவிரலால் பல்சக்கரத்தை உருட்டினாள். ஒவ்வொரு உருட்டலுக்கும் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். எட்டு போய்ப் பத்து, பதின்மூன்று, பதினைந்து; எண் ஏற ஏற நேரம் குறையும். அதற்கு மேல் பார்க்காமல் உருட்டிக்கொண்டே போனாள். ஒன்று எடுத்தாள், முகம் வெளுத்திருந்தது. இன்னும் கொஞ்சம் உருட்டினாள். தாலி கழுத்துக்கு வந்தபோது சாலம்மாளின் முகம் நெற்றிப் பொட்டோடு, மூக்குத்தியோடு, கீழுதட்டைக் கடித்தபடி அப்படியே விழுந்தது. பின்னால் மலை இருந்த இடம் வெறும் வெள்ளை.

திரும்பி வந்ததும் சின்னதுரை படங்களைப் பார்த்தான். “இன்னா அண்ணி, மலையையே காணோம்?”

“பொண்ணு கீதுல்ல?”

“கீது கீது. நல்லாவே கீது. அண்ணன் இருந்தா மலையையும் விடக்கூடாது, பொண்ணையும் விடக்கூடாதுன்னு ரெண்டுங்கெட்டானா ஒண்ணு எடுத்திருப்பாரு.”

அன்று முதன்முறையாக அவன் அரங்கநாதனைக் கிண்டல் செய்ததற்கு அவள் சிரித்தாள்.

படம் எல்லாம் பிரிண்ட் போட்டுத் தர்மன் வாங்கிப் போன பிறகு, ஒருநாள் சாயங்காலம் ராணியம்மாள் கேமராவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். காசியம்மாள் முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நாற்காலியில் இருந்தேன். இனி நான் எழுதுவது நேரில் கேட்டது.

“காசிக்கா, இதைப் பாரு. கார்டுல அவரு எடுத்தது பின்னாடி இன்னும் மூணு கீது. அதெல்லாம் இருட்டுன்னு நான் பார்க்காமலே தள்ளிக்கினு இருந்தேன்.”

முதல் படம் ஏறக்குறையக் கறுப்பு. சேலையின் வெள்ளைக் கரை மட்டும் தெரிந்தது. அதன் எண் அறுபது. அடுத்தது முப்பது, தோளும் பலகையும் தெரிந்தன. அடுத்தது பதினைந்து, முகம் இருக்கும் இடம் தெரிந்தது. கடைசி எட்டு.

“ஒவ்வொண்ணா உருட்டிக்கினே வந்துக்கீறாரு. என் மூஞ்சி தெரியணும்னு. அவருக்கும் வரல, பாரு. ‘எம் மாமாவோடது’ன்னுட்டு அவரும் தேடிக்கினுதான் இருந்துக்கீறாரு. நான் என்னமோ, எடுத்து முடிச்சி வெச்சிட்டுப் போன அளவுன்னு நெனைச்சேன்.”

“நீ அசைஞ்சதுலதான் கலைஞ்சிதுன்னியே?” என்றாள் காசியம்மாள்.

“நான் அசைஞ்சா நான் மட்டுந்தானே கலையணும்? பின்னாடி சொம்பு கலைஞ்சிருக்குது. உப்புச் சாடி கலைஞ்சிருக்குது. செவுரே கலைஞ்சிருக்குது. அவரு கைதான் ஆடிக்கீது. எட்டுல யாரு கையும் நிக்காதாம், சின்னதுரை சொல்றான்.” திரையை விரலால் தடவினாள். அந்தக் கலைசலின் மேலேயே தடவினாள். “எட்டுக்குப் போயிருக்கவே கூடாது. கண்ணை ஆயிரத்தி அறுநூறுக்கு ஏத்திட்டு, நேரத்தை முப்பதுலயே வெச்சிருந்தா வந்திருக்கும். அடுத்ததா அதைத்தான் பண்ணியிருப்பாரு. ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ன்னாரு. நாந்தான், பால் பொங்குது, போயி வேற வேலையப் பாருன்னு எழுந்துட்டேன்.”

காசியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். “அதான் உனக்கே இப்ப எல்லாம் தெரியுதே. நீ சொன்ன மாதிரி எல்லாத்தையும் வெச்சிக் குடு. போயி அதே எடத்துல ஒக்காரு. நான் வந்து அமுக்கறேன், அந்தப் படம் வந்துடும்.”

ராணியம்மாள் கேமராவைத் துண்டில் வைத்து மடித்தாள்.

“வரும், ஏன் வராது. ஆனா நீ அமுக்கினா நான் உன்னைத்தானேக்கா பார்த்துக்கினு இருப்பேன்?” என்றாள்.