ரப்பருக்கு ஆகாத தண்ணீர்

புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், மனிதரைவிட ரப்பர் ஷீட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பது மருதம்மாளுக்குத் தெரியும். ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டாக்கும் ஸ்டோரில் ஷீட்டு கழுவுவதுதான் அவள் வேலை.

மேலே குன்றில் மாங்கனீசு சுரங்கம் வெட்டிய பிறகு வந்த மழையிலேயே தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கிணறு மாறிவிட்டது. இறைக்கும்போது தண்ணீர் தெளிவாக இருக்கும். குடத்தில் நின்றால் கறுக்கும். பெண்கள் முந்தானையை மடித்து வடிகட்டினார்கள். கொஞ்சம் கறுப்பு துணியில் தங்கியது. எல்லாம் தங்கிவிட்டதாக நம்பிக் குடித்தார்கள்.

ரப்பருக்கு அந்த நம்பிக்கை இல்லை. கிணற்றுத் தண்ணீரில் கழுவிய ஷீட்டுகள் சில வாரங்களில் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டன. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மணியம் படித்தவர். சுரங்க மண்ணின் உலோகம் கிணற்றில் இறங்கிவிட்டது, அது ரப்பருக்கு விஷம் என்று உடனே சொல்லிவிட்டார். மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாக ஆற்றுத் தண்ணீர் ஸ்டோர்த் தொட்டிக்கு வந்தது.

"அப்ப எங்களுக்குங்க?" என்றாள் மருதம்மாள்.

"ஏன், நீங்க என்ன பிசுபிசுத்தா போயிட்டீங்க?"

"வீட்டுக்காரருக்குக் கை நடுங்குதுங்க. கித்தா மரம் சீவற கத்தி கையில நிக்கமாட்டேங்குது."

"வயசாயிருச்சுலா! மரவள்ளியைத் தின்னா யாருக்குத்தான் நடுங்காது?"

அவள் கணவன் பிச்சைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கத்தி பிடிக்க முடியாத ஆளை, போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் அனுப்பிவிடுவார்கள். அங்கே யாரும் கைநடுக்கத்தை விசாரிப்பதில்லை.

மறுநாளிலிருந்து மருதம்மாள் காலையில் கிணற்றுத் தண்ணீரோடு ஸ்டோருக்குப் போய்த் தொட்டியில் ஊற்றினாள். சாயங்காலம் அதே குடங்களில் ஆற்றுத் தண்ணீரோடு திரும்பினாள். தொட்டியில் மட்டம் குறையவில்லை. நேர்மை குறைந்ததாக அவளுக்கும் தோன்றவில்லை.

சில வாரங்களில் மறுபடி பிசுபிசுத்து, ஷீட்டுகள்தாம் காட்டிக்கொடுத்தன.

"ஷீட்டுத் தண்ணியில கைவச்சது யாரு?" கிராணி விரலை நீட்டி அதட்டினார். "ஜப்பான்காரன் என்னைத்தானே அறைவான்!"

"நான்தாங்க. சோறாக்க எடுத்தேன்."

"ரப்பருக்குன்னு இருக்கறதை எடுத்துக் குடிக்கிறியா? கிணறு என்ன வத்தியா போச்சு? என் வீட்டுலயும் அந்தத் தண்ணிதான். நான் நல்லா இல்ல?"

மருதம்மாள் அந்த விரலையே பார்த்தாள்.

"ஐயா, உங்களுக்கும் நடுங்குதே."

"கோபம்டி!"

"அப்ப கோபம் தணியட்டும், பார்ப்போம்."

காத்திருந்தாள். கிராணி விரலை மடக்கினார், முஷ்டியும் நடுங்கியது. கையை முழுக்கால் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு உள்ளே போனார்.

லயத்துக்கும் தினம் ஒரு பீப்பாய் என்று அடுத்த வாரம் உத்தரவு வந்தது. ரப்பர் தண்ணீர் திருட்டைத் தடுக்கவாம். வண்டி முதலில் நின்றது கிராணி வீட்டு வாசலில். லயத்துக்கு வந்தபோது மருதம்மாள் குடத்தோடு வரிசையில் முன்னால் நின்றாள்.

மறுபடி சயாமுக்கு ஆள் பொறுக்க வந்தபோது பிச்சை ரப்பர் மரத்தடியில் சீவிக்கொண்டு நின்றான். கத்தி லேசாக ஆடியது. ஆனால் விழாமல் கையில் இருந்தது.