‘தேவை’ என்ற கட்டம்

பதினோரு வருடமாகச் சாமான் வாங்குகிறவனிடம் மாதாமாதம் அடையாள அட்டை கேட்பது எந்த ஊர் மரியாதை என்பது வீரய்யாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் வத்தேகமவில் பைபர் தண்ணீர்த் தாங்கி செய்கிறவர். பிசின் பிடித்த பிரஷ் கழுவ இரண்டு லீட்டர் அசிட்டோன் வேண்டும். அதற்குக் கண்டி டவுனில் நபீல் நானாவின் கெமிக்கல் கடைதான்.

நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கறுப்பு மட்டைக் கொப்பியைத் திறப்பார்.

“காட் எடுங்க.”

“என் மூஞ்சி தெரியாதா நானா?”

“மூஞ்சி தெரியும். மூஞ்சில நம்பர் இல்லையே.”

கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘தேவை’. “என்னத்துக்கு, செல்லுங்க” என்பார். சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதுவார். அசிட் வாங்கிய ஒருவரின் பெயருக்கு நேரே ‘மாமியார் வீட்டுக் கக்கூஸ் கழுவ’ என்றே இருக்கிறது.

போன மாதம் வீரய்யாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. “ஐஸ் போதை காய்ச்ச! எழுதுங்க!” என்றார். நானா சிரிக்கவில்லை. எழுதினார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, வத்தேகம பட்டறை வாசலில் வந்து நின்றார். “சும்மா வந்த” என்று சொல்லி ஒரு பிளேன்டீ குடித்தார். தாங்கிகளைத் தட்டிப் பார்த்தார். போய்விட்டார்.

இன்று வீரய்யா கடைக்குள் நுழைந்தால், கவுண்டரில் ஒரு பொலிஸ் சார்ஜன். ஐஸ் காய்ச்சிய வீடொன்றில் அசிட்டோன் கான்கள் பிடிபட்டனவாம். கடை கடையாகக் கொப்பி பார்க்கிறார்கள். சார்ஜன் நீட்டிய பொலிஸ் கடிதத்தை நானா இரண்டு தரம் வாசித்தார். அசிட்டோன் வரிகள் மட்டும் தெரிய, மற்றவர்களின் வரிகளை மட்டைத் துண்டுகளால் மூடினார். சார்ஜனுக்குத் தமிழ் வாசிக்க வராது. நானா ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்தது வீரய்யாவின் வரி. தாண்டிப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

நானா தாண்டவில்லை. பெயர், நம்பர், ‘ஐஸ் போதை காய்ச்ச’. சார்ஜன் வெடுக்கென்று நிமிர்ந்தார். ஆள் யாரென்று கேட்டார். பின்னால் நிற்கிறார் என்று காட்டிவிட்டு, நானா அதன் கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் வாசித்தார்: ‘கோபத்தில் சொன்னது. வெள்ளி போய்ப் பார்த்தேன். ஏழு தாங்கி. அசிட்டோன் டின்னில் பிரஷ் ஊறுகிறது.’ திகதியும் கையெழுத்தும் இருந்தன.

சார்ஜன் வீரய்யாவின் விரல்களைப் பார்த்தார். நகத்தைச் சுற்றிப் பிசின் காய்ந்து உரிந்திருந்தது. பட்டறை விலாசத்தைக் குறித்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

“அந்த ஒரு வரிய முழுங்கியிருக்கலாமே நானா? உசிரே போயிருச்சு!”

“அத முழுங்கினா, கீழ எழுதினத ஆர் நம்புற?”

நானா கேட்கும் முன்பே வீரய்யா அட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். நானா பெயரையும் நம்பரையும் எழுதினார். கடைசிக் கட்டம் வந்ததும் பேனா நின்றது. கொப்பியை வீரய்யா பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார்.

“இந்தாங்க. இத நீங்களே எழுதுங்க.”