அண்ணர் தண்டவாளத்தில் வைத்த பதினொரு கூடாரங்கள்

எட்டாம் வகுப்போடு நின்ற என்னைத்தான் இந்த நினைவு மலருக்கு அண்ணரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். பிழை இருந்தால் உறவுகளும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காங்கேசன்துறையில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாக அண்ணர் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா கண்மூடியபோது அவருக்கு வயது பதினேழு. தம்பி தங்கைகள் மூவரையும் கரைசேர்த்த பிறகும் தனக்கென்று ஒரு குடும்பத்தை அவர் தேடவில்லை. அறுபதுகளின் கடைசியில் மேற்கு ஜேர்மனிக்கு வந்து, கார்ல்ஸ்ரூஹேக்கு அருகில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் சேர்ந்தார். மூன்று வருடத்தில் என்னையும் அங்கே வேலைக்கு அழைத்துக்கொண்டார்.

சனிக்கிழமைகளில் அண்ணர் பொம்மை ரயில் சங்கத்துக்குப் போவார். வளர்ந்த மனிதர்கள் வருடம் முழுக்கக் கூடி, சின்ன ரயில் ஓடுகிற ஓர் ஊரைக் கட்டுவது இங்கே பெரிய காரியம். சங்கத் தலைவர்தான் எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளர். மைஸ்டர் என்று கூப்பிடுவோம். எங்கள் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வருடா வருடம் அவருடைய கடிதம் வேண்டும். எனக்கு அந்த நினைப்புத்தான் எப்போதும்.

ஒரு வருடம் சங்கத்தில், அமெரிக்காவைக் குறுக்கறுத்து மேற்குக்குப் போன பழைய ரயில் பாதையைச் சின்ன அளவில் கட்டினார்கள். மண்டபத்தின் நீளத்துக்குச் சாந்தில் மலைகள், மரப்பாலங்கள், சுரங்கங்கள். நான் வாய்பிளந்து நின்றேன். மாதக்கணக்கில் மாட்டு வண்டியில் போன தூரத்தை ஒரு வாரத்துக்குள் அடக்கிய பாதை என்று அண்ணர் சொன்னார். நாள் முழுக்க உடைத்தாலும் ஒரு சாண் தாண்டாத பாறையைச் சீனத் தொழிலாளர் குடைந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் தாழ்ந்துவிடும்.

பிறகு தீக்குச்சியாலும் பழுப்புத் தாளாலும் பதினொரு கூடாரங்கள் செய்து, பாதை வரவேண்டிய இடத்திலேயே வைத்தார்.

"இது என்ன?" என்றார் மைஸ்டர்.

"இங்கே முதலே இருந்த பழங்குடிகளின் வீடுகள்."

"என் தாத்தாவின் தம்பி வெறுங்கையோடு அங்கே போனவர். அந்த ரயில்தான் அவருக்கு வயல் கொடுத்தது. அவர் கள்ளனா?"

"இல்லை. அவருக்கு வயல் கிடைத்தது உண்மை. அது வேறு ஆட்களின் மண் என்பதும் உண்மை. அவர்கள் சாப்பிட்டு வாழ்ந்த காட்டெருமைகளையும் வந்தவர்கள் சுட்டுத் தீர்த்தார்கள். ரயிலை நான் குறை சொல்லவில்லை, மைஸ்டர். மனிதர் இப்படி ஒரு பாதையைப் போட்டார்கள் என்பதே எனக்கு அதிசயம்."

மைஸ்டர் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு கிழமை தொழிற்சாலையிலும் முகம் கொடுக்கவில்லை. கடிதம் எழுதவேண்டிய மாதம் அது.

"அண்ணை, உதுகளை எடுத்துப்போடுங்கோ. எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினால் என்ன செய்யிறது?"

"நீ பயப்பிடாத நாள் ஒண்டு சொல்லு பாப்பம்."

"பகிடி விடாதேங்கோ. ஆரோ சனத்துக்காக நாங்கள் ஏன் வேலையை விடவேணும்?"

"பாதை போடட்டும். ஆளில்லாத வெட்டைவெளியில போட்டமெண்டு மட்டும் சொல்ல ஏலாது."

கண்காட்சியன்று காலையில் அண்ணர் வருவதற்கு முன்னே நான் மண்டபத்துக்குப் போனேன். பதினொன்றையும் எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினால், பின்னால் மைஸ்டர். கையில் பசைப் போத்தல்.

"திரும்ப வை," என்றார். "ஒட்டத்தான் வந்தேன்."

எடுத்த இடத்திலேயே வைத்தேன். ஒவ்வொன்றாக அவர் ஒட்டினார். உலகப் போர் முடிந்ததும் ஜேர்மனியின் கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட குடும்பம் அவருடையது. "என் அம்மாவின் வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள்," என்று மட்டும் சொன்னார். பிறகு கூடாரங்களுக்கு நடுவால் தண்டவாளத்தைப் போட்டார். முதல் ரயில் அவற்றை உரசிக்கொண்டு போனபோது வந்திருந்த சனம் குனிந்து பார்த்தது. கடிதமும் அந்தக் கிழமையே வந்தது.

சென்ற வருடம் அண்ணர் நெஞ்சு நோயில் படுத்து, ஆறு வாரத்தில் காலமானார். அந்த ஆறு வாரமும் எங்களோடு நின்ற மருத்துவத் தாதியருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த சங்கத்தாருக்கும், ஊரில் கிரியைகளை முடித்துவைத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மைஸ்டருக்கு என் நன்றி தனி. கூடாரங்களை எடுத்தவன் நான் என்று கடைசிவரைக்கும் அவர் அண்ணரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அண்ணை, இப்போது சொல்கிறேன்.